ப்ளூடூத் ஹெட்செட்: மீட்டிங்கில் குரல் மட்டமாகிறது, டவுன்லோடு ஓடினால் பாட்டு அறுந்து அறுந்து வருகிறது

புதுக்கணினி எழுதியது:

வணக்கம். புதிதாக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து விண்டோஸ் 11 போட்டிருக்கிறேன். வைஃபை, ப்ளூடூத் இரண்டும் மதர்போர்டிலேயே இருக்கின்றன. ஹெட்செட்டைச் சேர்ப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. அதன் பட்டனை விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடித்தேன், பட்டியலில் பெயர் வந்தது, இணைந்துகொண்டது. பிரச்சினையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பாட்டு கேட்டால் அருமையாக இருக்கிறது. ஆனால் வீடியோ மீட்டிங்கில் நுழைந்த உடனே எல்லாச் சத்தமும் சன்னமாகி, மூக்கடைத்துப் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கெட்டுப்போகிறது. மீட்டிங்கை விட்டு வெளியே வந்தால் தானாகச் சரியாகிறது.

இன்னொன்று, பெரிய கோப்பு ஏதாவது இறங்கிக்கொண்டிருந்தால் பாட்டு விட்டு விட்டு வருகிறது. இறங்கி முடிந்ததும் ஒழுங்காகிவிடுகிறது.

கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் இணைப்புகள் பக்கத்தைத் திறந்தால் 'ப்ளூடூத் நெட்வொர்க் கனெக்‌ஷன்' என்று ஒன்று சிவப்புக் குறியோடு நிற்கிறது, இணைக்கப்படவில்லை என்கிறது. ஹெட்செட் இணைந்துதானே இருக்கிறது? அதைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் தீருமா? டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாயிற்று, மாற்றமில்லை.

சுருக்கெழுத்து எழுதியது:

ஹெட்செட்டில்தான் கோளாறு. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

இசைப்பித்தன் எழுதியது:

தயவுசெய்து திருப்பிக் கொடுக்காதீர்கள். வேறு எதை வாங்கினாலும் பெரும்பாலும் இதேதான் நடக்கும். மீட்டிங்கில் குரல் மட்டமாவது பழுது அல்ல, ப்ளூடூத் வேலை செய்யும் முறையே அப்படித்தான்.

ப்ளூடூத் ஹெட்செட்டுக்கு ஒலி போக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஏ2டிபி. இது ஒருவழிப் போக்கு. கணினியிலிருந்து காதுக்கு ஸ்டீரியோ ஒலி மட்டும் போகும், மைக் கிடையாது. எல்லா ஹெட்செட்டிலும் கட்டாயம் இருக்கும் எஸ்பிசி கோடெக்கிலேயே (கோடெக் என்றால் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) நல்ல தரத்தில் நொடிக்கு 328 கிலோபிட் வரை அனுப்பலாம். பாட்டுக்கு அது தாராளம்.

இன்னொன்று எச்எஃப்பி, அதாவது ஹேண்ட்ஸ்ஃப்ரீ. இது இருவழி. பேசுவதற்காக வந்தது என்பதால் ஒலி மோனோவாகத்தான் வரும். பழைய சிவிஎஸ்டி முறையில் மாதிரி எடுக்கும் வேகம் நொடிக்கு 8,000 தடவை. அதில் பாதி, அதாவது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எந்த ஒலியும் அதில் வராது. ஸ, ஃப போன்ற எழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அது வெட்டுப்படுவதால்தான் மூக்கடைத்த மாதிரி கேட்கிறது. அதைவிடப் புதிய எம்எஸ்பிசி முறை இருந்தால் 16,000 தடவை. குரல் ஓரளவு தெளியும், ஆனால் பாட்டுக்கு அதுவும் போதாது.

எந்த நிரலாவது ஹெட்செட்டின் மைக்கைத் திறந்த உடனே கணினி முதல் வழியை விட்டு இரண்டாவது வழிக்கு மாறிவிடும். விண்டோஸ் 10-ல் 'ஸ்டீரியோ', 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' என்று இரண்டு பெயர்கள் தனித்தனியாகத் தெரியும், எதில் இருக்கிறோம் என்று பார்த்தாலே புரியும். விண்டோஸ் 11 இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டது. மாறுவது கண்ணுக்குத் தெரியாததால் ஹெட்செட் கெட்டுவிட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மீட்டிங் நிரலின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கராக ஹெட்செட்டையும், மைக்காக வெப்கேம் மைக்கையோ யுஎஸ்பி மைக்கையோ தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் 'சவுண்ட்' அமைப்பில் 'இன்புட்' பகுதியிலும் அதே மைக்கை வையுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால், ஹெட்செட் மைக்கை வேறு ஏதாவது நிரல் பின்னணியில் திறந்து மறுபடி கெடுத்துவிடும்.

அப்படியும் மாறினால், பழைய 'டிவைசஸ் அண்ட் பிரின்டர்ஸ்' பக்கத்தில் ஹெட்செட்டின் 'ப்ராப்பர்டீஸ்' திறந்து, 'சர்வீசஸ்' பகுதியில் 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ டெலிஃபோனி' என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். ஹெட்செட் மைக் அந்தக் கணினிக்கு இல்லாமலே போய்விடும். அப்புறம் தரம் இறங்க வழியே இல்லை.

மேசைவிளக்கு எழுதியது:

டிக்கை எடுப்பதை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நான் நாள் முழுக்கப் பேசும் வேலையில் இருக்கிறேன். வெப்கேம் மைக்கில் மின்விசிறிச் சத்தம், விசைப்பலகைச் சத்தம் எல்லாம் எதிர்முனைக்குப் போகிறது. ஹெட்செட் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் அது இல்லை. எனக்கு எப்படிக் கேட்கிறது என்பதைவிட நான் பேசுவது எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகப் போவதுதான் முக்கியம்.

இசைப்பித்தன் எழுதியது:

நியாயமான பேச்சு. சந்தடியான அறையில் இருப்பவர் ஹெட்செட் மைக்கையே வைத்துக்கொள்ளலாம், குரல் மோனோவாக வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒன்று: மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தாலும் அதிலிருந்து வெளியே போகும் குரலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 தடவை மாதிரி எடுக்கும் அதே வழியாகத்தான் போகிறது. சட்டையில் குத்தும் சிறிய வயர் மைக் ஒன்று இருந்தால் பின்னணிச் சத்தமும் குறையும், குரலும் முழுசாகப் போகும். என் ஓட்டு அதற்குத்தான்.

நிரந்தரத் தீர்வு எல்இ ஆடியோ, ப்ளூடூத்தில் ஒலி அனுப்பும் புது முறை. 2020-ல் வந்த ப்ளூடூத் 5.2 அதற்கு அடித்தளம் போட்டது. எல்சி3 என்ற புது கோடெக் வருகிறது, மைக் திறந்திருக்கும்போதும் ஒலி இந்த அளவுக்கு இறங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து அதற்கு ஆதரவு இருக்கிறது. ஆனால் பெட்டியில் 5.2, 5.3 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எல்இ ஆடியோ அந்தப் பதிப்புகளில் கட்டாயம் அல்ல, விருப்பம்தான். ஹெட்செட், கணினியின் ப்ளூடூத் சிப், டிரைவர் மூன்றும் அதை ஆதரிக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் பழைய வழிதான்.

தாமிரக்கம்பி எழுதியது:

கடைசிக் கேள்விக்குப் பதில்: அந்தச் சிவப்புக் குறியை அப்படியே விட்டுவிடுங்கள். 'ப்ளூடூத் நெட்வொர்க் கனெக்‌ஷன்' என்பதற்கும் ஹெட்செட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது பான் எனப்படும் தனி வசதி. மொபைலில் உள்ள இன்டர்நெட்டை ப்ளூடூத் வழியாகக் கணினிக்குக் கொண்டுவரவோ, இரண்டு கணினிகளைச் சேர்க்கவோதான் அது உதவும். அப்படி எதையும் நீங்கள் சேர்க்காதவரை 'இணைக்கப்படவில்லை' என்றுதான் காட்டும், காட்டவும் வேண்டும். ப்ளூடூத்தின் இடிஆர் எனப்படும் வேகமான முறையே உச்சத்தில் நொடிக்கு 3 மெகாபிட். கைக்குக் கிடைப்பது 2-ஐ ஒட்டித்தான். வைஃபை இருக்கும்போது அதைத் தொடவே தேவையில்லை.

டவுன்லோடு ஓடும்போது பாட்டு அறுவதுதான் உண்மையான நெட்வொர்க் பிரச்சினை. இரண்டு விவரம் வேண்டும். 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போய் உங்கள் வைஃபையின் 'ப்ராப்பர்டீஸ்' திறந்து, 'நெட்வொர்க் பேண்ட்' எதிரில் என்ன இருக்கிறது, சேனல் எண் என்ன என்று சொல்லுங்கள். அப்புறம், கேபினெட்டின் பின்பக்கம் இரண்டு சின்னத் தங்க நிற மரைகள் இருக்கும். அதில் ஆன்டெனா மாட்டியிருக்கிறதா?

புதுக்கணினி எழுதியது:

பேண்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ், சேனல் 6. மரைகள் வெறுமனே இருக்கின்றன. மதர்போர்டு பெட்டியில் ஆன்டெனா என்று ஒன்று இருக்கிறது, வைஃபைதான் கிடைக்கிறதே, அதையும் மாட்ட வேண்டுமா?

அலைவரிசை எழுதியது:

மாட்ட வேண்டும், முதல் வேலையாக. வைஃபைக்கு மட்டுமல்ல, உங்கள் ஹெட்செட்டுக்கும் அதுதான் ஆன்டெனா.

ஹெட்செட், நெட்வொர்க் என்று இரண்டு தனிப் பிரச்சினைகளாகப் பார்ப்பதால்தான் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு நேரம் வீணாகிறது. கணினிக்குள் இரண்டும் ஒரே அட்டையில் இருக்கின்றன. கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு எம்.2 அட்டை. அதில் வைஃபை பகுதி மதர்போர்டின் உள் இணைப்பான பிசிஐஇ வழியாகவும், ப்ளூடூத் பகுதி யுஎஸ்பி வழியாகவும் மதர்போர்டோடு பேசும். விண்டோஸுக்கு அவை இரண்டு கருவிகள். ஆனால் வானொலி அலை வெளியே போகும் வாசல் ஒன்றுதான், பெரும்பாலான அட்டைகளில் ஆன்டெனாவே பொது.

இப்போது அலைவரிசையைப் பாருங்கள். ப்ளூடூத் 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை, 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 79 சேனல்களைப் பயன்படுத்துகிறது. ஒரே சேனலில் நிற்காமல் நொடிக்கு 1,600 தடவை தாவிக்கொண்டே இருக்கும். உங்கள் வைஃபை சேனல் 6-இன் நடுப்புள்ளி 2437. அதன் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஆக 2427 முதல் 2447 வரை வைஃபை அடைத்துக்கொண்டிருக்கிறது, ப்ளூடூத் தாவும் மைதானத்தின் நட்ட நடுவில்.

இதைச் சமாளிக்கத்தான் 2003-ல் வந்த ப்ளூடூத் 1.2-லேயே ஒரு ஏற்பாடு செய்தார்கள். எந்தச் சேனல்களில் இரைச்சல் அதிகம் என்று பார்த்து அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில் தாவும். குறைந்தது 20 சேனல்கள் கையில் இருந்தால் போதும். அடுத்த வீட்டு வைஃபையை இப்படி ஒதுக்கிவிடலாம். தன் அட்டையிலேயே, தன் ஆன்டெனாவிலேயே இருக்கும் வைஃபையை அப்படி ஒதுக்கினால் மட்டும் போதாது. பக்கத்திலேயே ஒன்று அனுப்பும்போது மற்றது கேட்க முடியாது. அதனால் ஒற்றைப் பாலத்தில் இரு பக்க வண்டிகளையும் மாற்றி மாற்றி விடுவதுபோல, அட்டை இரண்டுக்கும் நேரத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கிறது. சும்மா இணையப் பக்கம் படிக்கும்போது வைஃபைக்கு வேலை குறைவு, ஹெட்செட்டுக்கு வேண்டிய நேரம் கிடைக்கிறது. டவுன்லோடு முழு வேகத்தில் ஓடும்போது இழுபறி. ஹெட்செட் கொஞ்சம் ஒலியைச் சேமித்து வைத்துத்தான் ஒலிக்கிறது. அந்தச் சேமிப்பு தீரும்வரை அடுத்தது வராவிட்டால் பாட்டு அறுகிறது.

எனவே வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ப்ளூடூத் அங்கே வராது. ரூட்டரில் 2.4-ஐ முழுக்க அணைக்க வேண்டாம், பழைய கருவிகளுக்குத் தேவைப்படும். ஆனால் அதன் அகலம் 40 என்று வைத்திருந்தால் 20-க்குக் குறையுங்கள். 40 என்றால் ப்ளூடூத்தின் மைதானத்தில் பாதியை அதுவே விழுங்கிவிடும்.

ஆன்டெனாவைக் கேபினெட்டுக்குப் பின்னால் சுவரோரம் தள்ளாமல் மேசைமேல் வையுங்கள். கேபினெட் இரும்புத் தகடு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடலும் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். ஹெட்செட்டின் ஆன்டெனா ஒரு காதுப்பக்கம் இருந்து, கணினி மறுபக்கம் இருந்தால் நடுவில் நிற்பது உங்கள் தலை. பல ஹெட்செட்டுகள் 2.5 மில்லிவாட்டுக்கு மேல் அனுப்பாத வகை. அந்தச் சின்னச் சத்தத்துக்கு இந்தத் தடையெல்லாம் பெரிசு.

ப்ளூடூத்துக்கு யுஎஸ்பி டாங்கிள், அதாவது போர்ட்டில் செருகும் சின்னக் கருவி, வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை யுஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கொட்டுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்க்கில் கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் ஹெட்செட் அறுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான். ஒரு நீட்டிப்பு வயர் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும்.

மேசைவிளக்கு எழுதியது:

இழைக்கு நடுவில் ஒரு கேள்வி. என் கணினியில் வைஃபை தனி பிசிஐஇ அட்டை. வைஃபை ஓடுகிறது. ஆனால் டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் என்ற தலைப்பே இல்லை.

அலைவரிசை எழுதியது:

மேலே சொன்னதுதான், ப்ளூடூத் பகுதி யுஎஸ்பி வழியாகப் பேசும். அட்டையோடு ஒரு மெல்லிய வயர் வந்திருக்கும். ஒரு முனையை அட்டையிலும் மறுமுனையை மதர்போர்டின் யுஎஸ்பி 2 ஊசிகளிலும் செருக வேண்டும். ஒன்பது ஊசிகள், ஒரு மூலையில் ஊசி இருக்காது, அதைப் பார்த்துத் திசை தெரிந்துகொள்ளலாம். மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சுருக்கெழுத்து எழுதியது:

5 கிகாஹெர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். என் அறைக்கும் ரூட்டருக்கும் நடுவில் இரண்டு சுவர். 5-இல் சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது. அப்போது 2.4-தானே கதி?

தாமிரக்கம்பி எழுதியது:

நகராத கணினிக்கு ரூட்டரிலிருந்து நெட்வொர்க் வயர்தான் சரி. கேட் 5இ வயரில் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் போகும். வயர் மாட்டியதும் விண்டோஸ் தானாகவே அதற்கு முன்னுரிமை கொடுத்துவிடும், நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம். அப்புறம் வைஃபையை மட்டும் அணைத்துவிடுங்கள். ஏர்பிளேன் மோடு போட்டால் ப்ளூடூத்தும் போய்விடலாம், அதைத் தொடாதீர்கள். வைஃபை அணைந்ததும் ஆன்டெனா முழுக்க ஹெட்செட்டுக்கே சொந்தம்.

இணைந்த பிறகு வேகம் 1,000 என்று காட்டுகிறதா பாருங்கள். 100 என்று காட்டினால், ரூட்டரும் கணினியும் கிகாபிட் வகையாக இருக்கும் பட்சத்தில் வயரைச் சந்தேகப்படுங்கள். 100 மெகாபிட்டுக்கு வயருக்குள் உள்ள நான்கு ஜோடிகளில் இரண்டு போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி உள்ளே விட்டுப்போயிருந்தாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடுகிறது. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் அது வேறு விஷயம். ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். முதலில் வயரையும் ரூட்டரையும் பாருங்கள், ஹெட்செட் பக்கம் போகாதீர்கள்.

பெங்குயின் எழுதியது:

லினக்ஸ்காரர்களும் இங்கே வருவார்கள் என்பதால் எழுதுகிறேன். ஏ2டிபி, எச்எஃப்பி தகராறு அங்கேயும் அப்படியேதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும். ஒலியைக் கையாளும் பைப்வயர் நிரல் இருக்கும் கணினியில் பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலைப் போட்டு, அதன் கடைசிப் பகுதியில் ஹெட்செட்டின் ப்ரொஃபைல் ஏ2டிபியா எச்எஃப்பியா, எந்தக் கோடெக் என்று பார்க்கலாம், கையாலும் மாற்றலாம். மைக் திறந்தால் தானாக மாறும் வேலையைச் செய்வது பைப்வயரின் துணை நிரலான வயர்ப்ளம்பர். அதன் அமைப்பில் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவிடலாம்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. லினக்ஸில் ஹெட்செட்டைச் சேர்த்தால் விண்டோஸில் சேராது. அங்கே சேர்த்தால் இங்கே சேராது. சேர்க்கும்போது இரண்டு பக்கமும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி வைத்துக்கொள்கின்றன. ஹெட்செட்டுக்குக் கணினி என்றால் ப்ளூடூத் சிப்பின் முகவரிதான். இரண்டு இயங்குதளத்துக்கும் முகவரி ஒன்றே என்பதால் கடைசியாகச் சேர்த்ததன் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு முந்தையதை அழித்துவிடும். தீர்வு: முதலில் லினக்ஸில் சேருங்கள், அப்புறம் விண்டோஸில் சேருங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள சாவியை எடுத்து, லினக்ஸில் ப்ளூடூத் அடைவுக்குள் அந்த ஹெட்செட்டின் இன்ஃபோ கோப்பில் எழுதிவிட்டு ப்ளூடூத் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். அவ்வளவு மெனக்கெட முடியாதென்றால் லினக்ஸுக்கு மட்டும் ஒரு தனி டாங்கிள். முகவரி வேறு, சாவியும் வேறு, சண்டை இல்லை.

புதுக்கணினி எழுதியது:

ஆன்டெனாவை மாட்டி மேசைமேல் வைத்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸில் சேர்த்தேன். டவுன்லோடு முழு வேகத்தில் ஓடுகிறது, பாட்டில் ஒரு சின்ன வெட்டுகூட இல்லை. அடுத்த அறைக்கு நடந்து போனாலும் நிற்கவில்லை, முன்பு வாசல்படி தாண்டினாலே அறும். மைக்கை வெப்கேமுக்கு மாற்றியதும் மீட்டிங்கிலும் குரல் முழுசாகக் கேட்கிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டே சந்தேகம். ரூட்டர் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறது. கணினியை அணைத்துப் போட்டால் சில சமயம் 2.4-க்குத் திரும்பிவிடுகிறது. இன்னொன்று, எல்லாம் சரியான பிறகும் எப்போதாவது பாட்டு ஒரு நொடி நின்று, பிறகு தொடர்கிறது. டவுன்லோடு எதுவும் இல்லாதபோதும் அப்படி ஆகிறது.

தாமிரக்கம்பி எழுதியது:

டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் 'ப்ராப்பர்டீஸ்' திறந்து 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போங்கள். பல அடாப்டர்களில் 'ப்ரிஃபர்டு பேண்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் ரூட்டரில் 5-க்குத் தனிப் பெயர் வைத்து, கணினியில் பழைய பெயரை மறக்கச் சொல்லிவிடுங்கள்.

இசைப்பித்தன் எழுதியது:

அந்த ஒரு நொடி நிற்பது: ஹெட்செட் உங்கள் மொபைலோடும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கிறதா? மல்டிபாயின்ட், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வசதி, உள்ள ஹெட்செட்டில் மொபைலுக்கு அறிவிப்பு ஒலி வந்தால்கூட ஹெட்செட் அந்தப் பக்கம் திரும்பிவிட்டு வரும்.

புதுக்கணினி எழுதியது:

ஆமாம், மொபைலிலும் இணைந்துதான் இருக்கிறது. இப்போது ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், செய்தி வந்த அதே நேரத்தில் பாட்டு நின்றது.

இசைப்பித்தன் எழுதியது:

அப்படியென்றால் அதேதான். ஆண்ட்ராய்டு மொபைல் என்றால் அதன் ப்ளூடூத் பட்டியலில் ஹெட்செட்டின் பெயரைத் திறந்தால் 'மீடியா ஆடியோ', 'கால்ஸ்' (அழைப்புகள்) என்று இரண்டு பொத்தான்கள் தனித்தனியாக இருக்கும். மீடியா ஆடியோவை மட்டும் அணைத்துவிடுங்கள். அழைப்பு வந்தால் ஹெட்செட்டிலேயே பேசலாம், அறிவிப்பு ஒலி மொபைலின் ஸ்பீக்கரிலேயே வரும். சில ஹெட்செட்டுகள் தங்கள் செயலியில் மல்டிபாயின்ட்டையே அணைக்க வழி வைத்திருக்கின்றன. மொபைல் அழைப்பே ஹெட்செட்டில் வேண்டாம் என்றால் அதைச் செய்யுங்கள்.